அறுபதுக்குக் கீழே ஓர் ஆள்

"ஏழாவது விதி," என்று மருதையன் படித்தார். "சொல்வதை எழுதுபவர்... தேர்வரைவிட... குறைந்த கல்வித் தகுதி உடைய... வராகவும்..."

அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஏழாவது விதிக்கு வருவதற்குள் டீ ஆறிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அவர் மகள் தங்கமணி அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தினால் அப்பா மறுபடி முதல் விதியிலிருந்து தொடங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

தங்கமணிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி ஆண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோதுதான் இந்த விதிகளோடு தேர்வு அனுமதிச் சீட்டு தபாலில் வந்தது. நாகப்பட்டினத்தில் உள்ள ஒரு கூட்டுறவு நெல் விற்பனை இணையத்தில் எழுத்தர் வேலை. பார்வையற்றவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு இடங்களில் இப்படித் தேர்வு எழுதியிருக்கிறாள். ஓர் இடத்தில் அவள் கையில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னோர் இடத்தில் எழுதுவதற்கு வந்தவர் பாதித் தேர்வில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். இரண்டு இடங்களிலும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி அந்த இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டார்கள். அதனால் இந்த முறை எழுதுகிற ஆளை முன்கூட்டியே சரிபார்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"...கடைசியாக எழுதிய தேர்வில் அறுபது விழுக்காட்டுக்குக் குறைவாக மதிப்பெண் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும்," என்று மருதையன் முடித்து, தாளைக் கீழே வைத்தார். "என்னம்மா இது. எழுதறதுக்கு ஆள் கேக்கறாங்களா, எழுத வராத ஆள் கேக்கறாங்களா?"

"நல்லாப் படிச்ச ஆளக் கூட்டிட்டுப் போனா அவங்களே பதில் எழுதிடுவாங்களாம். அதுக்காக."

"எத்தனை நாள் இருக்கு?"

"பன்னெண்டு நாள்."

கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் ஊரில், மருதையன் சிறுவனாக இருந்த காலத்தில், ஒரு கடிதம் வந்தால் படித்துக்காட்ட ஆள் தேடி வாய்க்கால் தாண்டிப் போக வேண்டும். கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளைகள்தான் இப்போது ஊர் முழுக்க. வீட்டுக்கு வீடு பட்டம். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர் பி.இ. ரேஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர் எம்.சி.ஏ. மருதையன் இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்து சொன்னார்:

"படிக்காத ஆளே கெடைக்கலம்மா."

தங்கமணி கல்லூரிக்கு போன் செய்தாள். அங்கே 'ஊனமுற்ற மாணவர் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையம்' என்று ஒன்று இருந்தது. அது இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. ஊனமுற்றோர் என்று எழுதக் கூடாது, மாற்றுத் திறனாளி என்றுதான் எழுத வேண்டும் என்று அரசு சொல்லியிருந்ததால், மையம் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டது. பழைய பலகை இருந்த அதே இரண்டாவது மாடியில்தான் புதுப் பலகையும் இருந்தது. தாங்குகட்டையோடு வரும் மாணவர்கள் கீழே நின்று அண்ணாந்து கூப்பிட்டால், பொறுப்பாளர் இராஜாங்கம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து ஆலோசனை சொல்வார். அவர் தாவரவியல் விரிவுரையாளர். புதன்கிழமை மதியம் அவருக்கு வகுப்பு இல்லாததால் இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது.

இராஜாங்கம் நல்லவர். ஆனால் பார்வையற்றவர்களிடம் மிகவும் சத்தமாகப் பேசுவார். போனிலும் அப்படித்தான்.

"எழுத ஸ்கிரைப் வேணுமா? மொதல்ல உன் உரிமை என்னன்னு நீ தெரிஞ்சுக்கணும்மா. அதுக்குத்தான் கையேடு போட்டுக் குடுத்தேன். படிச்சியா?"

'உங்கள் உரிமைகளை அறியுங்கள்' என்ற அந்தக் கையேடு தங்கமணியின் பையில்தான் இருந்தது. மிகப் பொடி எழுத்தில் அச்சடித்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"எப்படி சார் படிக்கறது?"

"யாரையாவது படிக்கச் சொல்லு. சரி, நம்ம பட்டியல்ல ஒரு பொண்ணு இருக்கு. ஆனா எண்பத்திரண்டு பர்சன்ட் வாங்கிருச்சு. வீணாப் போச்சு. நீ கவலைப்படாத. உங்க ஊராட்சித் தலைவர் எனக்குத் தெரிஞ்சவர்தான். நான் பேசறேன்."

"வேணாம் சார், நானே..."

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி பேசியது. திருவிழாவுக்குக் கட்டியதை இன்னும் அவிழ்க்கவில்லை.

"மருதையன் மகள் தங்கமணிக்குப் பரீட்சை எழுத ஆள் தேவைப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்குக் கீழே படித்து, அறுபதுக்குக் கம்மியாக மார்க் வாங்கியவர்கள் மருதையன் வீட்டுக்கு வரவும். யார் யாரென்று ஊருக்கே தெரியும். வெட்கப்படாமல் வரவும்."

மூன்று தடவை சொன்னார்கள்.

யாரும் வரவில்லை. மத்தியானம் மூன்றாம் வீட்டு ஐயாவு மட்டும் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்பையன் ப்ளஸ் டூல அம்பத்தொம்பது புள்ளி எட்டு. முழுசாக்கினா அறுபது. காலைலேருந்து போறவன் வர்றவன் எல்லாம் எங்க வாசலப் பாத்துட்டுப் போறான். இதுக்குத்தான் மைக்கு போட்டீங்களா?"

"நாங்க போடலண்ணே," என்றார் மருதையன். "ஆனா தம்பி அம்பத்தொம்பது புள்ளி எட்டுன்னா ரொம்ப நல்லதாச்சே. ஒரு நாள் அனுப்பி வைங்களேன்."

"அனுப்பினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்று சொல்லிவிட்டு ஐயாவு போனார்.

அதன்பிறகு தெருவில் மருதையனைப் பார்த்தவர்கள், அவர் ஏதாவது கேட்டுவிடுவதற்கு முன்பே தங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்களைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எட்டு நாள் இருக்கும்போது அஹமது கபீர் கிடைத்தான். கீழ்வேளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தான். சார்ஜாவில் ஐந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். தங்கமணியின் போனைப் பழுது பார்க்கும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் ப்ளஸ் டூ பெயில். நான் வரலாமா?" என்று அவனாகவே கேட்டான்.

அவன் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை. தங்கமணிக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மூன்று நாள் கடையிலேயே பயிற்சி நடந்தது. கபீர் தெளிவாகப் படித்தான். வேகமாக எழுதினான். காற்புள்ளி எங்கே என்று கேட்டு வைத்தான். நான்காம் நாள் தங்கமணி பொருள்களின் தேவையைப் பற்றி ஒரு பத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். பேனாவின் ஓசை நின்றது.

"இங்க விலை நெகிழ்ச்சின்னு சொல்றீங்க," என்றான் கபீர். "வருமான நெகிழ்ச்சில்ல வரணும்?"

தங்கமணி அந்த வரியை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். அவன் சொன்னதுதான் சரி.

"அண்ணே, ப்ளஸ் டூ பெயிலான யாரும் வருமான நெகிழ்ச்சின்னு சொல்ல மாட்டாங்க."

கபீர் எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்.

"சார்ஜால வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சும்மா இருக்கும். அஞ்சல் வழில ப்ளஸ் டூவும் முடிச்சு பி.காமும் முடிச்சுட்டேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். வீட்ல யாருக்கும் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"படிச்சவனுக்கு அங்க நல்ல வேலைன்னு வாப்பா திரும்ப பிளைட் ஏத்தி விட்டுருவாரு. பெயிலான புள்ளன்னாத்தான் கிட்டவே வெச்சுக்குவாரு." பிறகு தயங்கிச் சொன்னான்: "நாம சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்ணே. பின்னால தெரிஞ்சா, தகுதியானவர் கிடைக்கவில்லைன்னு எழுதிடுவாங்க. எழுதறதுக்கு அவங்க தயாராத்தான் இருக்காங்க."

நான்கு நாள் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எம்.ஏ. முடிந்தால் விடுதி காலி செய்ய வேண்டும். அதன்பிறகு இந்த வீடு, இந்தக் கட்டில். அவளை உட்கார வைத்து மூன்று வேளையும் சோறு போட அப்பாவும் அம்மாவும் தயாராக இருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பொன்னுத்தாய் வந்தார். மருதையனுக்குத் தங்கச்சி முறை. ஐம்பது வயது. எழுபதுகளின் கடைசியில் கூலிப் போராட்டத்தில் பதினான்கு நாள் திருச்சி சிறையில் இருந்தவர். அதற்குப் பிறகும் குத்தகை, குடிமனைப் பட்டா, கோயில் நிலம் என்று அவருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. சங்கத்தின் மனுக்கள் அத்தனையும் அவர் கையால் எழுதியவை. தாலுகா அலுவலகத்தில் அவர் கையெழுத்தை அடையாளம் தெரியாதவர்கள் கிடையாது. கவரைப் பிரிக்காமலே பெருமூச்சு விடுவார்கள்.

"மைக்குல சொன்னப்ப நான் திருவாரூர்ல மறியல்ல இருந்தேன் அண்ணே. இப்பத்தான் விட்டாங்க," என்றார். "நான் எட்டாங் கிளாசு. போதுமா?"

"மார்க்கு எவ்வளவு தங்கச்சி?"

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு. பாஸா பெயிலாங்கறதே சரியாத் தெரியல."

சான்று வேண்டும் என்று விதி சொன்னது. பொன்னுத்தாய் மறுநாள் காலை தான் படித்த பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியர் அறை வாசலில் உட்கார்ந்தார். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய மதிப்பெண் இல்லை என்று தலைமை ஆசிரியர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மதியம் கடிதம் கிடைத்துவிட்டது. 'மேற்படி பொன்னுத்தாய் என்பவர் இப்பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்றார். படிப்பில் சுமாரானவர் என்று விசாரணையில் தெரியவருகிறது.'

பொன்னுத்தாய் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க அத்தை," என்று தங்கமணி பயிற்சியைத் தொடங்கினாள். "இந்தியா ஒரு வேளாண் நாடு. முற்றுப்புள்ளி."

பேனா மிக நீண்ட நேரம் ஓடியது.

"எங்க, படிங்க."

பொன்னுத்தாய் படித்தார்: "பெறுநர், உயர்திரு தேர்வு அதிகாரி அவர்கள். ஐயா, வணக்கம். பொருள்: இந்தியா வேளாண் நாடாக இருப்பது தொடர்பாக. இந்தியா ஒரு வேளாண் நாடு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்."

"நான் சொன்னதை மட்டும் எழுதணும் அத்தை. கொண்டு வருகிறோம்னு நான் சொல்லலையே."

"ஒத்தையாச் சொன்னா எவன் கேப்பான் புள்ள. வருகிறோம்னு போட்டாத்தான் பின்னால ஆள் இருக்குன்னு பயப்படுவான்."

மூன்று நாளில் 'உயர்திரு'வை நிறுத்த முடிந்தது. 'மேற்படி'யை நிறுத்த முடியவில்லை. இடைவேளையில் சும்மா இருக்கட்டுமே என்று இராஜாங்கத்தின் கையேட்டை எடுத்துக் கொடுத்தாள் தங்கமணி. பொன்னுத்தாய் அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, பதினான்கு இடங்களில் கோடு போட்டார்.

"இவ்வளவு இருக்கா," என்றார் மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டதும் கையேட்டைக் கொடுத்திருக்கக் கூடாது என்று தங்கமணிக்குத் தோன்றியது.

தேர்வு மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில். பத்து மணிக்குத் தொடக்கம். ஒன்பதரைக்கு அவர்களுடைய அறை இரண்டாவது மாடி என்று தெரிந்தது.

"சட்டத்துல கீழ்த்தளம்னு இருக்கு," என்றார் பொன்னுத்தாய்.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு அத்தை. ஏறிடலாம்."

"உனக்கு நல்லா இருக்கு. நாளைக்கு வர்றவனுக்கு?"

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். கையேட்டின் பதினோராம் பக்கத்தைப் படித்தார். அச்சு பொடியாக இருந்ததால் கண்ணாடி எடுத்து வரச் சொல்லிப் படித்தார். பத்தே காலுக்குக் கீழ்த்தளத்தில் விளையாட்டுச் சாமான்கள் அறையைத் திறந்துவிட்டார்கள். அறைக் கண்காணிப்பாளராகக் கமருன்னிஸா டீச்சர் வந்து, கைப்பந்து வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு வினாத்தாளைக் கொடுத்தார்.

அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"முதல் கேள்வி," என்று பொன்னுத்தாய் படித்தது தங்கமணிக்குக் கேட்கவில்லை. கத்திப் படித்தார். தங்கமணி பதிலைச் சொன்னாள். அது பொன்னுத்தாய்க்குக் கேட்கவில்லை. அவளும் கத்திச் சொன்னாள். வேறு வழியில்லாமல் எட்டுக் கேள்விகளை இருவரும் கத்தியே முடித்தார்கள்.

தலைமைக் கண்காணிப்பாளர் படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, நீங்க பதில் சொல்லச் சொல்ல மாடில எல்லாரும் எழுதறாங்க. நீங்க ஏழுக்கு வந்தா அவங்களும் ஏழுக்கு வர்றாங்க. அஞ்சாங் கேள்விய இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ஒருத்தர் கேக்கறாரு."

"மெதுவாச் சொன்னா எழுதறவங்களுக்குக் கேக்காது சார்," என்றாள் தங்கமணி. தொண்டை கட்டியிருந்தது.

அவர் யோசித்து, ஜன்னல்களையும் கதவையும் சாத்தச் சொன்னார். அந்த அறையில் விளக்கு இல்லை. தங்கமணிக்கு இருட்டில் ஒரு சிரமமும் இல்லை. பொன்னுத்தாய்க்குத்தான் கண் தெரியவில்லை.

"எந்தக் கேள்வின்னே தெரியலயே புள்ள," என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

கடைசியில் கமருன்னிஸா டீச்சரே முடிவு செய்து, கட்டடத்தின் மறுபக்கத்துத் தாழ்வாரத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார். அப்போது மணி பதினொன்றே முக்கால். பொன்னுத்தாய் பெஞ்சில் உட்காரவில்லை.

"மணிக்கு இருபது நிமிசம் கூடுதல் தரணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம். பக்கம் பதினாறு. அதை இப்பவே சொல்லணும்."

தலைமைக் கண்காணிப்பாளர் மறுபடி வந்து, தனக்கு அப்படி உத்தரவு வரவில்லை, மேலிடத்தைக் கேட்க வேண்டும், இன்று ஞாயிற்றுக்கிழமை என்றார். பொன்னுத்தாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அது எப்படிப்பட்ட உட்காருதல் என்று தலைமைக் கண்காணிப்பாளருக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, எழுந்திருங்க," என்றாள் தங்கமணி. "என்னை வெளிய அனுப்பிடுவாங்க. இது என் பரீட்சை. உங்க போராட்டம் இல்ல."

"உனக்கு வேணும்கறதைத்தான் கேக்கறேன்."

"நான் உங்ககிட்ட எழுதத்தான் சொன்னேன். கேக்கச் சொல்லல."

கமருன்னிஸா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உக்காந்தபடியே எழுத முடியும்னா எழுதுங்கம்மா. நேரம் ஓடுது."

அது பொன்னுத்தாய்க்கு நியாயமாகப் பட்டது. தேர்வும் மறியலும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. தங்கமணியும் கீழே இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவளும் சேர்ந்துகொண்டதாக நினைத்துத் தலைமைக் கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு போன் போடப் போனார்.

கட்டுரைக் கேள்வியில் பொன்னுத்தாய் நின்றார். படிக்கவே இல்லை.

"என்ன கேள்வி அத்தை?"

"நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தஞ்சைப் பகுதி உழவர்கள் அடைந்த நன்மைகளை விளக்குக." சற்றுப் பொறுத்து, "வேற கேள்வி இருக்கான்னு பாக்கறேன்," என்றார்.

"அதையே எழுதலாம். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலங்கள் நிலமற்ற உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன."

பேனா ஓடவில்லை.

"எந்த ஊர்ல?" என்றார் பொன்னுத்தாய். "பண்ணைக்காரன் நாய் பேர்லயும் நெலத்தை எழுதி வெச்சான், பொறக்காத புள்ள பேர்லயும் எழுதி வெச்சான். எனக்குத் தெரிஞ்சு ஒரு மாட்டுக்கு மூணு ஏக்கர் இருந்துச்சு. நான் எப்படி இதை எழுதறது?"

"பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"பாடம் எழுதினவன் வயல்ல எறங்கினானா?"

"பேசக் கூடாது," என்றார் கமருன்னிஸா டீச்சர்.

"பேசாம எப்படி டீச்சர். அது சொல்லணும், நான் எழுதணும்."

"அவங்க சொல்றதை எழுதணும். நீங்க சொல்றதை இல்ல."

பன்னிரண்டரைக்கு முத்தரப்புப் பேச்சுவார்த்தை தொடங்கியது. தங்கமணி 'பகிர்ந்தளிக்கப்பட்டன' என்பதிலிருந்து இறங்க மறுத்தாள். பொன்னுத்தாய் 'பகிர்ந்தளிக்கப்படவில்லை' என்பதிலிருந்து இறங்க மறுத்தார். தங்கமணி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கமருன்னிஸா டீச்சருக்கு எந்தத் தரப்புக்கும் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க அதிகாரம் இல்லை. அவர் சுவரைப் பார்த்தபடி, "எங்க வாத்தியார் ஒருத்தர் எதுக்கெடுத்தாலும் ஓரளவுக்குன்னு சொல்லுவாரு," என்று பொதுவாகச் சொன்னார்.

இரண்டு தரப்பும் யோசித்தன.

"நிலங்கள் ஓரளவுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன," என்றாள் தங்கமணி.

"அப்படீன்னா எழுதலாம்," என்றார் பொன்னுத்தாய். பேனா ஓடியது. அதன்பிறகு குத்தகை உரிமை ஓரளவுக்குப் பாதுகாக்கப்பட்டது. கூலி ஓரளவுக்கு உயர்ந்தது. குடியிருப்பு ஓரளவுக்குச் சொந்தமானது. தங்கமணி சொல்லாமலே எதிர்பார்த்து இடைவெளி விட்டாள். பொன்னுத்தாய் அந்த இடத்தில் நிறுத்தி அனுமதி கேட்டு அதே சொல்லைப் போட்டார்.

ஒரு மணிக்குத் தலைமைக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுக்கலாமென்று மேலிடம் சொல்லிவிட்டது.

"எழுத்துல குடுங்க," என்றார் பொன்னுத்தாய்.

"அத்தை."

"வாய்ல சொன்னதை நம்பி நாங்க பட்டது போதும்."

எழுத்தில் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அந்த இருபது நிமிடமும் கணக்கில் போய்விட்டது. தங்கமணி கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. விடைத்தாளை வாங்கும்போது கமருன்னிஸா டீச்சர், முதல் பக்கத்தின் மேலே 'ஐயா, வணக்கம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே கட்டினார்.

திரும்பி வரும் பேருந்தில் தங்கமணி பேசவில்லை. திருவாரூர் தாண்டியதும் பொன்னுத்தாய், "வெள்ளரிக்கா வாங்கவா?" என்று கேட்டார். அதற்கும் பேசவில்லை. ஊரில் இறங்கியபோது, "நீங்க இனிமே எனக்காக எதுவும் கேக்காதீங்க அத்தை," என்று மட்டும் சொன்னாள். பொன்னுத்தாய் சரியென்றார். அந்தச் சரி எப்போதும் சொல்வது போல் இல்லை.

நான்கு மாதம் போனது. தங்கமணி எம்.ஏ. முடித்து, விடுதியைக் காலி செய்து, கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். ஐயாவு மகன் துபாய்க்கு விண்ணப்பம் போட்டான். கபீர் பெயிலாகவே நீடித்தான். ஒரு நாள் தபால் வந்தது. மருதையன் எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்த முறை தங்கமணி பாதியிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேர்ந்தெடுக்கப்... பட்டு..."

"போதும்ப்பா."

அது நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு. அங்கே பத்து நிமிடம்தான் ஆனது. ஒரே ஒரு கேள்விதான் அவள் எதிர்பாராதது. "கட்டுரையில ஓரளவுக்குங்கற வார்த்தை நிறைய வருதே, ஏம்மா?" என்று ஒருவர் கேட்டார். "அவ்வளவுதான் சார் நடந்திருக்கு," என்று அவள் சொன்னாள். எங்கோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

சேரும் நாளில், கூப்பிடாமலே பொன்னுத்தாயும் நாகப்பட்டினம் வந்தார். எதையும் கேட்க மாட்டேன், பார்க்க மட்டும் செய்வேன் என்றார். உள்ளே நுழைந்ததும் பேசும் கணினி வந்துவிட்டதா, கழிவறைக்கு எத்தனை படி என்று பார்க்கப் போய்விட்டார். அவர் போன திசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

தங்கமணி தன் மேஜையின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ கொண்டு வந்து வைத்தார்கள்.

"வலது பக்கம் வெச்சிருக்கேம்மா. சுடும். நான் அல்லா பிச்சை. இங்க உதவியாளு, முப்பது வருசமா," என்றது ஒரு முதிய குரல். "உங்களப் பரீட்சை அன்னிக்கே பாத்திருக்கேன். மயிலாடுதுறைக்கு வந்திருந்தேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு எழுதத்தாம்மா. சொந்தமா ஆள் கூட்டிட்டு வராதவங்களுக்கு ஆபீஸ்லேருந்தே ஒரு ஆள் போடணும்னு எட்டாவது விதி இருக்குல்ல. என்னைப் போட்டிருந்தாங்க. புதுச் சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு எட்டு மணிலேருந்து வாசல்ல நின்னேன். நீங்க ஒரு அம்மாவக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

தங்கமணி டீயைத் தொடவில்லை. ஒலிபெருக்கி, ஐயாவு, கபீரின் கடையில் மூன்று நாள், இருட்டறை, தரை, பேருந்தில் பேசாமல் வந்த அந்த இரண்டு மணி நேரம். ஒன்றும் தேவைப்பட்டிருக்கவில்லை. மாடிப்படி ஏறிப் போய், அமைதியாக உட்கார்ந்து, சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"நீங்க வந்திருந்தா ஒரு சண்டை சச்சரவும் இல்லாம முடிஞ்சிருக்கும் இல்லையாங்க," என்றாள்.

"முடிஞ்சிருக்கும்மா," என்றார் அல்லா பிச்சை. "உங்களவிடப் படிப்புக் கம்மியான ஆளாத்தான் அனுப்பணும்னு கண்டிப்பா உத்தரவு போட்டிருந்தாங்க, இந்த ஆபீஸ்லயே எழுதப் படிக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன்தானே."